பஸ் போன்

போன வாரம் நான் ஆபீஸுக்கு வந்திருந்தபோது, இப்போது அங்கே வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் ரிலீஸ் மேஜையின் டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு பழைய போனை வெளியே எடுத்து, இது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்தப் போன் எப்படி அந்த டிராயருக்குள் வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் அதை எடுத்துப் பார்க்கும் விதமே வேறாக இருந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, கடைசிவரை படித்துவிடுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இங்கே பயனர் குறைகளைக் கேட்கும் பிரிவில் இருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கேபிள் டிவி நிறுவனத்தில் புகார் வாங்கும் மேஜையில் இருந்தேன். அதாவது, வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியே குடும்பம் நடத்தியவன். கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் நம் ஸ்டோருக்கு யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். விலை குறைந்த போன்களை விற்கும் ஒரு கம்பெனிக்காக நாம் ஆப் ஸ்டோர் நடத்துகிறோம். அந்தப் போனை வாங்கியவருக்கு எந்த ஆப் வேண்டுமென்றாலும் நம்மிடம்தான் வர வேண்டும். காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், பாலக்கரையில் வாடகைக்குத் தையல் கடை வைத்திருக்கிறவர், லால்குடிப் பக்கத்தில் வாழை போட்டிருக்கிறவர், இப்படிப்பட்டவர்களின் சட்டைப் பையில்தான் நம் ஸ்டோர் இருக்கிறது.

அவர்கள் பெரிதாக எதையும் கேட்டுவிடவில்லை. இறக்குவதற்கு முன்னாலேயே எவ்வளவு பெரியது என்று சொல்லுங்கள் என்றார்கள். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் என்றார்கள். ஒரே பெயரில் நாலு ஆப் இருக்கிறது, இதில் எது அசல் என்றார்கள். பழையது நன்றாகத்தானே இருந்தது, அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கீழே 'சிறு பிழைகள் திருத்தப்பட்டன' என்று ஒரு வரி போடுவோமே, அதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா போனில் கூப்பிட்டு, "எந்தப் பிழைன்னு சொன்னாத்தானே சார் எனக்குத் தெரியும்? நான் பாட்டுக்கு எல்லாத்தையும் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். நியாயமான கேள்வி.

இந்தக் குறைகளை எல்லாம் நான் எழுதி மேலே அனுப்புவேன். அதை வரி விடாமல் படித்தவர் ஒருவர்தான். எங்கள் ரிலீஸ் பொறுப்பாளர், ஸ்டோரில் எந்த மாற்றம் எப்போது வெளியே போகலாம் என்று முடிவு செய்கிறவர். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. எல்லோரும் ரிலீஸ் மேடம் என்போம். நானும் அப்படியே சொல்கிறேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஸ்ரீரங்கத்தில் வீடு. அதிர்ந்து பேசத் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் இறங்கி வர மாட்டார். ஸ்டோரில் எதை மாற்றினாலும், பஸ் போன் என்று நாங்கள் பெயர் வைத்த ஒரு மட்டமான போனைக் கையில் எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மண்ணச்சநல்லூர் டவுன் பஸ் ஏறிவிடுவார். போகும் வழியிலேயே டவுன்லோடு போடுவார். காவிரிப் பாலத்தில் சுமாராக வரும், திருவானைக்காவலில் ஓடும், கொள்ளிடம் பாலத்தில் சிக்னல் போய்விடும், டோல்கேட் தாண்டினால் மறுபடி வரும். அத்தனையையும் தாங்கி மண்ணச்சநல்லூருக்குள் இறங்கி முடிந்தால்தான் அந்த மாற்றம் வெளியே போகலாம். இல்லாவிட்டால் கிடையாது.

ஆபீஸில் இதை வைத்துக் கிண்டல் நடக்கும். ஒரு வேலை முடிந்ததா என்று கேட்பதற்குப் பதில் "பாலம் தாண்டுச்சா?" என்றுதான் கேட்போம். கல்யாணம் நிச்சயமான ஒரு பையனிடம்கூட அப்படித்தான் கேட்டார்கள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் மேடத்தைப் பார்த்ததும், இன்னைக்கும் போனைக் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்களா என்பாராம். மேடமும் சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்குவாராம். இத்தனை கேலிக்கும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குப் புரிய ஒரு விபரீதம் தேவைப்பட்டது.

அந்த விபரீதத்தை நாங்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தோம். போனில் இடமில்லை என்று வருகிறது, அப்டேட் ஏறமாட்டேன் என்கிறது. இந்தப் புகார் அப்போது தினமும் வரும். அதற்கு எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இடம் குறைவாக இருக்கும் போனில், பழைய ஆப்பை முதலில் எடுத்துவிடுவது. கிடைத்த இடத்தில் புதியதை இறக்குவது. கேட்பதற்கு எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள். எல்லோரும் கைதட்டினோம். அந்தச் சமயத்தில் மேடம் லீவில் இருந்தார். அவர் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். போன் கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து பார்க்க வருவதாக இருந்ததால் அவசரம். ஆபீஸ் வைஃபையில் போட்டுப் பார்த்தோம், கண்மூடித் திறப்பதற்குள் ஏறியது. பாலம் தாண்டாமலேயே வெளியே விட்டுவிட்டோம்.

சென்னைக்காரர்கள் வருகிற நாள் காலையில் எங்கள் ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சுவரில் ஒரு பெரிய திரை உண்டு, இப்போதும் இருக்கிறது. எத்தனை டவுன்லோடு என்று அதில் ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அந்த எண் ஏறிய வேகத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. மேலாளர் மைசூர்பாகு வாங்கிவரச் சொல்லிவிட்டார். பொடியன்கள் திரைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் என் மேஜையில் உட்கார்ந்து ரிவ்யூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்டார் ரிவ்யூ ஒன்று. நாலு வார்த்தைகூட இல்லை.

'என் பேச்சைக் காணோம்.'

ஸ்பீக்கர் கோளாறாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். எந்த ஆப்பின் கீழே எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். பேச முடியாதவர்களுக்கான ஆப் அது. தமிழில் தட்டினால் போன் அதை வாய்விட்டுச் சொல்லும். பதிவில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

எடுத்தார்கள், ஆனால் யாரும் பேசவில்லை. நான் ஹலோ, ஹலோ என்றேன். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு விரலால் போனைத் தட்டும் சத்தம். டொக், டொக் என்று இரண்டு தடவை, கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு தடவை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகத் திட்டு வாங்கியிருக்கிறேன். எந்தத் திட்டும் அந்தச் சத்தம் போல என்னைத் தாக்கியதில்லை. அப்புறம் ஒரு பெண் போனை வாங்கிப் பேசினாள்.

அவள் பெயர் மலர்விழி. மண்ணச்சநல்லூர். அப்பா தங்கவேல், அங்கே ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகி அவருக்குக் குரல் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் போன்தான் அவருக்கு வாய். காலையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். வந்து பார்த்தால் ஆப் இல்லை. தானாகவே அப்டேட் ஆரம்பித்து, பழையதை எடுத்துவிட்டு, புதியது பாதியில் நின்றிருக்கிறது. மறுபடி போட்டால் மறுபடி முதலிலிருந்து. காலையிலிருந்து அப்பாவும் மகளும் மாற்றி மாற்றி அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

"இன்னைக்குச் சாயங்காலம் எனக்கு நிச்சயதார்த்தம் சார்" என்றாள். "தட்டு மாத்துறதுக்கு முன்னாடி பொண்ணோட அப்பா சம்மதம் சொல்லணும். எங்க வழக்கம் அது. மாமா சொல்லிக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. அப்பா தலையாட்டுனா போதுமாம். அப்பாவுக்குக் காதும் கேக்காத மாதிரியே பேசுறாங்க சார். அவரு அடுப்படியில போய் உக்காந்துட்டாரு."

எழுதிக் காட்டக் கூடாதா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அவள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதலில் சிலேட்டில்தான் எழுதிக்காட்டியிருக்கிறார். அவர் எழுதி முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த பேச்சுக்குப் போய்விடுமாம். போன் பேச ஆரம்பித்த பிறகுதான் ஊரில் நாலு பேர் மறுபடி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்களாம். இன்று சபையில் சொல்ல வேண்டியதை அவர் பல நாளாகத் தட்டித் தட்டித் திருத்தி அந்த ஆப்பில் சேமித்து வைத்திருந்தார். அதுவும் ஆப்போடு சேர்ந்து போய்விட்டது.

நான் எழுந்து போனபோது மேடம் லீவு முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தார். யாரோ மைசூர்பாகை நீட்டினார்கள். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"இதுல புது ஆளு எவ்வளவு பேரு?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. பார்க்கச் சொன்னார். ஒரு பையன் உட்கார்ந்து தட்டிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது. புது ஆட்கள் கொஞ்சம்தான். அதே போன்கள்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. பாதியில் நின்று, மறுபடி போட்டு, மறுபடி நின்று. ஒவ்வொரு முறை ஒருவர் தோற்கும்போதும் எங்கள் திரையில் ஒன்று கூடியது. நாங்கள் மைசூர்பாகு தின்றது அதற்குத்தான்.

நான் தங்கவேல் விஷயத்தைச் சொன்னேன். மேடம் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மேலாளரிடம் போய், எல்லா அப்டேட்டையும் உடனே நிறுத்த வேண்டும் என்றார். மேலாளர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆபீஸில் இருந்த அத்தனை பேரின் வேலையும் அந்தச் சென்னைக்காரர்கள் கையில் இருந்தது. அந்தக் கவலையில்தான் அவர் மத்தியானம்வரை பொறுக்கச் சொன்னார். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம் என்றார். நியாயம் போலத்தான் எனக்கும் பட்டது. இரண்டு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "அந்த நேரத்துல இன்னும் யாரு யாரு போன்லேருந்து என்னென்ன காணாமப் போகும்னு நமக்குத் தெரியாது சார். தெரியாத வரைக்கும் எதையும் எடுக்கக் கூடாது. அவங்க கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய் நிறுத்தினார். சுவரில் ஓடிக்கொண்டிருந்த எண் அப்படியே நின்றது.

இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அவருக்கு அப்போது எல்லாம் தெரிந்துவிடவில்லை. எத்தனை பேருக்குப் பாதிப்பு, எப்படிச் சரிசெய்வது, நிறுத்தினால் தன் வேலை இருக்குமா, எதுவும் தெரியாது. தெரியாதபோது எந்தப் பக்கம் சாய்வது என்பது மட்டும் தெரிந்திருந்தது. நம் பக்கம் நஷ்டம் வரலாம், போனை வைத்திருப்பவர் பக்கம் வரக் கூடாது. அவ்வளவுதான் அவர் கணக்கு. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த கெட்டிக்காரர்களில் பலருக்கு இந்த ஒன்று வராது.

நிறுத்தியாயிற்று. ஆனால் தங்கவேலுக்கு அது உதவாது. பழைய பதிப்பு எங்கள் ஸ்டோரில் இல்லை. புதியது வந்ததும் பழையதை அழித்துவிடுவது அப்போது எங்கள் பழக்கம். பழையது வேண்டும் என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம். புதிய பதிப்போ பூதம் போலப் பெரியது. ஆண் குரல், பெண் குரல் என்று பல குரல்களைச் சேர்த்திருந்தார்கள். தங்கவேலின் போனில் அது இறங்கி முடியும் என்று நம்புவதற்கில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மேடம் டிராயரைத் திறந்து பஸ் போனை எடுத்தார். இப்போது நீங்கள் பார்த்த போன் இல்லை, அதற்கு முன்னால் இருந்தது. அதில் எந்த ஆப்பும் தானாக மாறாதபடி வைத்திருப்பார். முன்பு ஒருமுறை பஸ்ஸில் சோதிப்பதற்காக இறக்கிய அதே பேசும் ஆப், பழைய பதிப்பு, அதில் அப்படியே இருந்தது. அதைத் தங்கவேலின் போனுக்கு அனுப்பிவிடலாமே என்றேன். முடியாதாம். நம் ஸ்டோரில் இறங்கிய ஆப்பை ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியாதபடி பூட்டு போட்டிருந்தோம். அந்தப் பூட்டைப் பற்றியும் பெருமைப்பட்டுக்கொண்டவர்கள்தான் நாங்கள்.

"அப்ப போனையே குடுத்துருவோம்" என்றார் மேடம். "நீங்க போங்க சார். அவங்ககூடப் பேசினது நீங்கதான். நான் இங்க இருக்கணும்."

ஆபீஸ் கார் விருந்தாளிகளை அழைத்துவர ஜங்ஷனுக்குப் போயிருந்தது. நான் ஆட்டோ பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய், மேடம் ஏறும் அதே பஸ்ஸில் ஏறினேன். சட்டைப் பையில் பஸ் போன். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயந்து அதை அணைத்தே வைத்திருந்தேன். கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறியதும் என் சொந்தப் போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து காணாமல் போனது. இத்தனை வருஷமாக நாங்கள் கேலி செய்த பாலம். அன்றைக்குத்தான் நான் முதல்தடவையாக ஒரு பயனருக்காக அதைத் தாண்டினேன்.

நான் பாலத்தில் இருந்தபோது ஆபீஸில் நடந்ததை மறுநாள் மேலாளரே என்னிடம் சொன்னார். சென்னையிலிருந்து வந்தவர்களில் பெரியவர், திரை ஏன் நின்றிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். மேடம் மறைக்கவில்லை. காலையில் ஏறியது வளர்ச்சி இல்லை, உங்கள் போனை வாங்கியவர்கள் பட்ட அவஸ்தை என்று நேராகச் சொல்லிவிட்டார். பெரியவர் கொஞ்சம் சூடாகி, இதற்காகவா எங்களை வரவழைத்தீர்கள் என்றிருக்கிறார். நாளைக் காலை என்னோடு ஒரு டவுன் பஸ்ஸில் வாருங்கள், அதற்குப் பிறகும் இந்த எண்ணைத்தான் வேண்டும் என்று சொன்னால் நான் ராஜினாமா கொடுக்கிறேன் என்றாராம் மேடம். மேலாளர் இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலிலும் ஒரு பெருமை இருந்தது. பெரியவர் பஸ்ஸில் போனார். நீங்கள் விற்கும் போனிலேயே டவுன்லோடு போடுங்கள் என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டார் மேடம். பாலத்தில் நின்றது. டோல்கேட்டில் முதலிலிருந்து ஆரம்பித்தது. திரும்பி வரும்போது மறுபடி பாலத்தில் நின்றது. ஆபீஸ் வந்ததும் பெரியவர், சரிசெய்ய எவ்வளவு காலம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அவருக்கும் மனசு இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

தங்கவேல் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. மில்லிலிருந்து அவித்த நெல்லின் வாசனை தெருவெல்லாம் வந்தது. கூடத்தில் மலர்விழியின் மாமா, சபையில் சொல்ல வேண்டியதை இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கவேல் இன்னும் அடுப்படியில்தான் இருந்தார். நல்ல உயரமான மனிதர், கழுத்தைச் சுற்றித் துண்டு. நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் இறுகியது. இறுகாமல் என்ன செய்யும்? அவர் பேச்சைத் தூக்கிக்கொண்டு போனவன் ஆயிற்றே.

பஸ் போனை ஆன் செய்து, ஆப்பைத் திறந்து, அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு இரண்டு கட்டைவிரல்களாலும் வேகமாகத் தட்டினார். என்னைத் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

போன் பேசியது. பழைய பதிப்பில் இருந்தது ஒரே ஒரு குரல், ஒரு பெண்ணின் குரல்.

"வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல காபி சாப்பிடுங்க."

கூடத்தில் மாமாவின் ஒத்திகை நின்றது. உள்ளறையில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த மலர்விழி பாதிப் பூவோடு ஓடி வந்தாள். அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிற்பாடு அவளிடம், புதிய பதிப்பில் ஆண் குரல் இருக்கிறது, அது வந்தால் அப்பாவுக்கு இன்னும் பொருத்தமாக இருக்குமே என்றேன். அவள் வேண்டவே வேண்டாம் என்றாள். "இதுதான் சார் எங்க அப்பா குரல். பழகிப்போச்சு. அதைப் போய் மாத்தாதீங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு பயனர் குறை எனக்கு வந்ததே இல்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஜமுக்காளத்தில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். நடுவே தட்டுகள். என்னைப் போக விடவில்லை, நானும் ஓரமாக உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா கைகூப்பி, பெண் கொடுக்கச் சம்மதமா என்று சபையில் கேட்டார். கேட்கும்போது அவர் பார்வை மாமாவின் பக்கம்தான் இருந்தது. மாமா தங்கவேலின் பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள்.

சேமித்து வைத்திருந்த நீண்ட பேச்சு போய்விட்டிருந்தது. அன்று மத்தியானம் அவர் புதிதாகத் தட்டியது கொஞ்சம்தான். போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

"என் பொண்ணைக் கொடுக்குறேன். எனக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. அவ ஏதாவது சொன்னா காது கொடுத்துக் கேளுங்க."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அந்தப் பெரியப்பா போனைப் பார்க்கவில்லை, தங்கவேலின் முகத்தைப் பார்த்து, கேக்குறோம் சம்பந்தி, கட்டாயம் கேக்குறோம் என்றார். பிறகு தட்டு மாறியது.

நான் கிளம்பும்போது தங்கவேல் பஸ் போனைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மேடம் அதை அவருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டார் என்றேன். அந்தப் போன் எதற்காக ஆபீஸில் இருந்தது என்று கேட்டார், பஸ் கதையைச் சொன்னேன். உள்ளே போய்த் தன் பழைய போனை எடுத்துவந்தார். மூடி கழன்று போகாமலிருக்க மலர்விழி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய போன். "அப்ப இதைப் பஸ்ஸுக்கு வெச்சுக்குங்க. இதுல இறங்குனா எதுலயும் இறங்கும்" என்று அவர் தட்ட, பஸ் போன் சொன்னது.

நீங்கள் டிராயரில் பார்த்தது அதைத்தான்.

அதற்குப் பிறகு ஸ்டோரை எங்கள் ஆட்கள் அடியிலிருந்து மாற்றி எழுதினார்கள். புதியது முழுசாக வந்து சேரும்வரை பழையதைத் தொடுவதில்லை. இடம் போதாவிட்டால் போதாது என்று சொல்லிவிட்டு நிற்கும், எதை எடுக்கலாம் என்று உரியவரைக் கேட்கும். பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரு பொத்தான். இன்று நீங்கள் சாதாரணமாகத் தாண்டிப் போகும் இத்தனையும் ஜனங்கள் வருஷக்கணக்காகக் கேட்டவை. எல்லாம் தயாரானதும் மேடம் அந்த ரப்பர் பேண்ட் போனை எடுத்துக்கொண்டு சத்திரத்தில் பஸ் ஏறினார். இந்தத் தடவை யாரும் கிண்டல் செய்யவில்லை. நானும் கூடப் போனேன்.

மண்ணச்சநல்லூரில் இறங்கி நேராகத் தங்கவேல் வேலை செய்யும் மில்லுக்குப் போனோம். மேடத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. இவர்தான் என்று நான் சொன்னதும், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து போனை எடுத்தார்.

"என்ன மேடம், பாலத்துல நின்னுச்சா?"

"நின்னுச்சுண்ணே" என்றார் மேடம். "ஆனா விட்ட எடத்துலேருந்து வந்துருச்சு."

தங்கவேல் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அன்று இரவே தன் ஒரு ஸ்டார் ரிவ்யூவை மூன்றாக மாற்றினார். ஐந்து கொடுத்திருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம்தான். கீழே காரணமும் எழுதியிருந்தார். 'பேச்சு கிடைச்சிருச்சு. ஆனா எவ்வளவு பெருசுன்னு முதல்லயே சொல்லுங்க.' மேடம் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் உட்கார்ந்து அதையும் செய்தார். இப்போது ஒவ்வொரு ஆப்பின் பெயருக்குக் கீழேயும் முதலில் அளவுதான் தெரியும்.

நீங்கள் அடுத்து எதை வெளியே விட்டாலும், அந்தப் போனை எடுத்துக்கொண்டு போய்ப் பஸ் ஏறுங்கள். பாலத்தில் சிக்னல் போகும்போது உங்களுக்கு எரிச்சல் வரும். அந்த நேரத்தில் காதருகே விரலால் யாரோ டொக், டொக் என்று தட்டுவது போல எனக்குக் கேட்கும். உங்களுக்கும் கேட்க வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன்.